விமான டிக்கெட்: எப்போது எடுப்பது, எந்த நிறுவனத்தில் எடுப்பது?

ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பறக்கும் இருவர் ஒரே கட்டணம் கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அமெரிக்க உள்நாட்டுக் கட்டணங்களை அலசி செவெரின் போரென்ஸ்டைன், நான்சி ரோஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓர் அளவைத் தந்தது. ஒரு நிறுவனத்தின் ஒரு தடத்தில் யாரேனும் இரு பயணிகளை எடுத்துக்கொண்டால், அவர்கள் கொடுத்த தொகைகளுக்கு இடையே சராசரிக் கட்டணத்தில் 36 சதவீத அளவுக்கு வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

அந்த இருவரில் குறைவாகக் கொடுத்தவராக இருப்பது எப்படி என்ற கேள்விக்கு அரை நூற்றாண்டாகப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. முடிந்தவரை முன்னதாக எடு என்கிறது ஒரு கட்சி. குறிப்பிட்ட நாள் கணக்கு உண்டு என்கிறது இன்னொன்று. செவ்வாய்க்கிழமை எடு, கடைசி நேரம்வரை காத்திரு, உலாவியில் தடயம் இல்லாமல் தேடு என்றெல்லாம் அறிவுரைகள் உலவுகின்றன. எந்த நிறுவனம் என்ற கேள்விக்கும் பாதுகாப்பு, நேரந்தவறாமை, விலை என்று ஆளுக்கொரு அளவுகோல். இந்தப் பதில்கள் எங்கே பிறந்தன, எதுவரை செல்லும், நம் ஊர்த் தடங்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கட்டணம் ஒன்றாக இருந்த காலம்

இந்தக் கேள்விக்கே இடமில்லாத காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் 1938 முதல் 1978 வரை ஓர் அரசு வாரியம் கட்டணங்களைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 1953-ல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா. பட்டியலில் உள்ளதுதான் விலை. என்றைக்கு எடுத்தாலும் ஏறத்தாழ அதே தொகை.

விரிசல் விழத் தொடங்கிய இடங்களில் ஒன்று பிரிட்டன். 1970-களின் தொடக்கத்தில் அன்றைய பிஓஏசி நிறுவனம், 21 நாள் முன்னதாக வாங்குபவர்களுக்குச் சலுகைக் கட்டணம் தர முன்வந்தது. காலியாகப் பறக்கும் இருக்கைகளை நிரப்பலாம் என்பது கணக்கு. உடனே ஒரு சிக்கல் எழுந்தது. சலுகை விலையில் எத்தனை இருக்கையை விற்கலாம்? எல்லாவற்றையும் விற்றுவிட்டால், கடைசி நாளில் முழுக் கட்டணத்தோடு வருபவருக்கு இடம் இருக்காது. அந்நிறுவனத்தின் கென்னத் லிட்டில்வுட் 1972-ல் இதற்கு ஒரு விதியை எழுதினார். இன்றைய கட்டண மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆணிவேர்.

விதி எளிமையானது. சலுகைக் கட்டணம் 4,000 ரூபாய், கடைசி நேரக் கட்டணம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இருக்கையைப் பிடித்து வைத்தால் அதற்கு 10,000 ரூபாய்க்காரர் வருவதற்கான வாய்ப்பு 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால், இன்று 4,000 ரூபாய்க்கு விற்கக் கூடாது. அதற்குக் கீழே இருந்தால் விற்றுவிடலாம். முன்னதாக வாங்குபவருக்கு நிறுவனம் பரிசு எதுவும் தரவில்லை. பின்னால் யார் வருவார்கள் என்று அது வைத்திருக்கும் மதிப்பீடுதான் இன்றைய விலையாக நம் திரையில் தெரிகிறது. எப்போது வாங்குவது என்ற விவாதத்தில் பெரும்பாலோர் தவறவிடும் இடம் இது.

அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு இந்தக் கணிதம் போர்க்கருவி ஆனது. 1981-ல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ் எல்லோருக்கும் ஒரே மாதிரி மலிவாக விற்றது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-ல் வேறு வழியில் எதிர்த்தது: முன்னதாக வாங்குபவருக்குப் போட்டியாளரின் விலை, கடைசி நேரத்தில் வரும் வணிகப் பயணிக்குப் பழைய உயர்ந்த விலை. பீப்பிள் எக்ஸ்பிரஸிடம் இருக்கைகளை அப்படிப் பிரித்து விற்கும் கணினி வசதி இல்லை. 1987-ல் அது வேறொரு நிறுவனத்தில் கரைந்துபோனது.

இந்தியாவில் நாட்டுடைமைச் சட்டம் நீக்கப்பட்டது 1994-ல். கட்டணம் நாளுக்கு நாள் மாறும் என்பதைச் சாதாரணப் பயணிக்குக் கற்றுக்கொடுத்தது 2003-ல் கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான். அவருடைய வாழ்க்கையைத் தழுவி வந்த ‘சூரரைப் போற்று’ படத்தின் வழியே தமிழர்கள் பலருக்கும் அந்தக் கதை தெரியும். ஒரு ரூபாய் டிக்கெட் அந்த நிறுவனத்தின் அடையாளமாகப் பேசப்பட்டது. ஆனால் விமானத்தில் அப்படிச் சில இருக்கைகளே இருந்தன. முந்தியவர்களுக்கே அவை கிடைத்தன. ‘முன்னாடியே எடுத்தால் மலிவு’ என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றியது இந்தக் காலத்தில்தான்.

திரைக்குப் பின்னால் நடப்பது

ரயிலில் போகிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளில் ரயில்வே கொண்டுவந்த முறைப்படி, ஒவ்வொரு 10 சதவீத இடம் விற்றதும் அடிப்படைக் கட்டணம் 10 சதவீதம் ஏறும். தொடக்கத்தில் அது ஒன்றரை மடங்கோடு நின்றது. விமானத்திலும் படிகள் உண்டு. ஆனால் படிகளின் எண்ணிக்கையோ ஒவ்வொரு படியிலும் எத்தனை இருக்கை என்பதோ வெளியே தெரியாது. இரண்டும் நாள்தோறும் மாற்றப்படும். படி ஏறுவதுபோல இறங்கவும் செய்யும்.

உள்நாட்டில் பறக்கும் ஓர் ஏ320 விமானத்தில் சுமார் 180 இருக்கைகள். இவை ஓர் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் பல கட்டண வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. இருக்கை ஒன்றுதான், விலையும் ரத்து நிபந்தனையும்தான் வேறு. மலிவான வகுப்பில் இடம் தீர்ந்தால் அடுத்த வகுப்பு திறக்கும். விற்பனை எதிர்பார்த்ததைவிட மந்தமாக இருந்தால் மூடிய வகுப்பு மறுபடி திறக்கப்படலாம்.

இதிலிருந்து குடும்பமாகப் பயணிப்பவர்களுக்கு நேரடியாக உதவும் ஒரு விவரம் கிடைக்கிறது. மலிவு வகுப்பில் இரண்டு இருக்கைதான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், பல முன்பதிவு அமைப்புகள் நான்கு இடமும் ஒன்றாகக் கிடைக்கும் அடுத்த வகுப்புக்குத் தாவி, நால்வருக்கும் அந்த உயர்ந்த விலையையே காட்டும். ஒருவருக்கு, இருவருக்கு என்று பிரித்துத் தேடிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பிரித்து எடுப்பதில் ஒரு இழப்பும் உண்டு: விமானம் ரத்தானால் இரண்டு பிஎன்ஆரையும் ஒரே மாற்று விமானத்தில் ஏற்ற வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. சிறு குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் அந்தச் சில நூறு ரூபாய் மிச்சம் தேவையில்லை.

விலை ஏன் ஏறுகிறது: மூன்று விளக்கங்கள்

பயண நாள் நெருங்க நெருங்க விலை ஏறுவது பொதுப்போக்கு என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. காரணத்தில்தான் பிரிகிறார்கள்.

முதல் விளக்கம் ஆளைப் பார்த்து விலை வைப்பது. கல்யாணத்துக்குப் போகிறவருக்கு மூன்று மாதம் முன்பே தேதி தெரியும். விலை ஏறினால் ரயிலுக்கு மாறிக்கொள்வார். நாளைக் காலை கூட்டத்துக்குப் போக வேண்டிய அதிகாரி என்ன விலையானாலும் போவார், பணம் கொடுப்பதும் அவருடைய கம்பெனி. தாமதமாக வாங்குவதையே வசதியின் அடையாளமாக நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 7, 14, 21 நாள் எல்லைகளில் கட்டணம் சட்டென்று தாவுவதை இந்தத் தரப்பு சான்றாகக் காட்டுகிறது. இதன் குறை, அவசரத்தில் வருபவர் எல்லோரும் வசதி படைத்தவர் இல்லை என்பதே. துக்கச் செய்தி கேட்டு வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு ஓடிவரும் தொழிலாளியும் அதே கடைசி நாள் வரிசையில்தான் நிற்கிறார். மென்பொருளுக்கு இருவரும் ஒன்றுதான்.

இரண்டாவது விளக்கம் தட்டுப்பாடு. இருக்கை எண்ணிக்கை கூடாது. யார் வருவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. மிச்சம் குறையக் குறைய விலை ஏறுவது இயல்பு. கெவின் வில்லியம்ஸ் 2022-ல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டு விசைகளும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதாகக் காட்டியது. கடைசியில் வரும் வசதியானவருக்கு இருக்கையை மிச்சம் வைப்பதற்காகத்தான் முன்னதாகவே விலையை ஏற்ற வேண்டியிருக்கிறது. கட்டுப்பாடு மிகுந்த விலைமுறைகளோடு ஒப்பிட்டால், மாறும் விலையால் நிறுவனங்களின் வருவாயோடு நுகர்வோரின் மொத்த நலனும் கூடுவதாகவும் அவர் கணக்கிட்டார். இந்த முடிவை அப்படியே எல்லா நாட்டுக்கும் நீட்டக் கூடாது. மொத்த நலன் என்பது கூட்டுத்தொகை. அதில் யாருக்குக் கிடைத்தது, யார் இழந்தார் என்பது தனிக் கேள்வி.

மூன்றாவது விளக்கம் சற்று எதிர்பாராதது. ஹோர்டாச்சு, வில்லியம்ஸ் உள்ளிட்ட ஐவர் ஒரு பெரிய அமெரிக்க விமான நிறுவனத்தின் உள்தரவுகளைப் பார்த்து எழுதிய கட்டுரை, விலை வைப்பது நாம் கற்பனை செய்யும் அளவுக்குக் கச்சிதமான வேலை இல்லை என்றது. கட்டணப் பட்டியலை ஒரு துறை தயாரிக்கிறது, இருக்கை ஒதுக்கீட்டை இன்னொரு துறை பார்க்கிறது; இரண்டின் முடிவும் கூடும்போது வரும் விலை, லாபத்தை அதிகமாக்கும் விலையிலிருந்து கணிசமாக விலகி நிற்கிறது. ஒவ்வொரு விலை அசைவுக்கும் பின்னால் ஒரு திட்டத்தைத் தேடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

போட்டி கூடினால் என்ன ஆகும் என்பதிலும் ஒருமித்த பதில் இல்லை. போட்டி மிகுந்த தடங்களில் பயணிக்குப் பயணி விலை வித்தியாசம் அதிகம் என்றார்கள் போரென்ஸ்டைனும் ரோஸும். ஜெரார்டியும் ஷபிரோவும் 2009-ல் நீண்டகாலத் தரவை வைத்து அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்: போட்டி வந்தால் உயர்ந்த கட்டணங்கள் இறங்கி, வித்தியாசம் சுருங்குகிறது. எந்தக் காலத்துத் தரவு, எந்த முறை என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது.

நாள் கணக்கும் கிழமைக் கணக்கும்

செவ்வாய்க்கிழமை நம்பிக்கைக்கு ஓர் உண்மையான பின்னணி இருந்தது. அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் கட்டணங்களை ஒரு பொதுவான கட்டணப் பதிவு நிறுவனத்தின் வழியாக, நாளில் குறிப்பிட்ட சில வேளைகளில் மட்டுமே வெளியிட்டு வந்தன. வாரத் தொடக்கத்தில் ஒருவர் சலுகை அறிவிப்பார். போட்டியாளர்கள் மறுநாளுக்குள் அதற்கு ஈடுகொடுப்பார்கள். அப்படியாகச் செவ்வாயன்று மலிவு விலைகள் கூடிக் கிடந்ததுண்டு. இன்று விலை மாற்றத்துக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. ஸ்டீவன் புல்லர், லிசா டெய்லர் 2012-ல் வெளியிட்ட ஆய்வோ, அமெரிக்க உள்நாட்டில் வார இறுதியில் வாங்கிய டிக்கெட்டுகள் சுமார் 5 சதவீதம் மலிவாக இருந்ததாகக் கண்டது. வணிகப் பயணிகள் அலுவலக நாட்களில் வாங்குவதே காரணமாகலாம் என்று அவர்கள் கருதினார்கள். வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமை விலையை அதிகம் அசைக்கும் என்பதே பாதுகாப்பான முடிவு. வெள்ளி மாலையும் ஞாயிறு இரவும் கூட்டம்; செவ்வாய், புதன் நடுப்பகல் காலி.

நாள் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவின் ஒரு டிக்கெட் விற்பனை நிறுவனம் தன் ஆண்டுக் கணக்கில் ஒருமுறை 54 நாள் என்றது. பின்னொரு வருடம் 70 நாள் என்றது. கூகுள் 2022-ல் சொன்ன எண் 44. ஒவ்வொன்றும் அந்தந்தத் தரவுக்குச் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் இவை ஆயிரக்கணக்கான தடங்களின் சராசரிகள். சராசரியில் மலிவான நாள் எது என்பதை வைத்து, மதுரைக்குப் போகும் ஒரு விமானத்தில் உங்களுக்கு எது மலிவான நாள் என்று சொல்லிவிட முடியாது.

தடம் தடமாகக் கணிக்க முடியுமா என்று உருப்படியாக முயன்றவர் ஓரன் எட்சியோனி. அவரும் உடன் ஆய்வாளர்களும் 2003-ல் இரண்டு அமெரிக்கத் தடங்களில் 41 நாட்களாகத் திரட்டிய 12,000-க்கும் மேற்பட்ட விலைகளை ஒரு நிரலுக்குப் புகட்டினார்கள். ‘இப்போதே வாங்கு’ அல்லது ‘காத்திரு’ என்று மட்டும் அது சொல்லும். எதிர்கால விலை எல்லாம் தெரிந்த ஒருவர் மிச்சம் பிடித்திருக்கக்கூடிய தொகையில் 61.8 சதவீதத்தை அது பிடித்தது. ஃபேர்காஸ்ட் என்ற நிறுவனமாக வளர்ந்த அந்த முயற்சியை 2008-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2014-ல் அந்தக் கணிப்புச் சேவை நிறுத்தப்பட்டது. நிறுவனங்களின் நடத்தை நிலையாக இருக்கும்வரை இத்தகைய கணிப்பு வேலை செய்யும். ஒரு புதிய போட்டியாளர் தடத்தில் நுழைந்தாலோ எரிபொருள் விலை தாவினாலோ பழைய தரவு கைவிட்டுவிடும்.

கடைசி நேரத்தில் விலை விழும் என்ற நம்பிக்கை ஐரோப்பிய விடுமுறைப் பயணத் தொகுப்புகளிலிருந்து வந்தது. மொத்தமாக இருக்கையும் அறையும் வாங்கி வைத்த நிறுவனங்கள், விற்காததைக் கடைசி வாரத்தில் தள்ளுபடியில் கொடுத்தன. அந்த வகைச் சரக்கு இருக்கும் இடத்தில் இன்றும் அது உண்மை. நம் ஊரில் ‘சீரிஸ் ஃபேர்’ என்று முகவர்கள் சொல்வது அதுதான். கூட்டம் உள்ள தடங்களில் முகவர்கள் இருக்கைகளை மொத்தமாக எடுத்து வைப்பார்கள். தேதி நெருங்கியும் மிச்சமிருந்தால் அசலுக்கும் கீழே கைமாற்றுவார்கள். அதை நம்பித் திட்டம் போட முடியாது. அந்த டிக்கெட்டுகளில் பெரும்பாலும் பெயர் மாற்றமோ பணம் திரும்பப் பெறுதலோ கிடையாது.

ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பத் தேடினால் நிறுவனம் நம்மை அடையாளம் கண்டு விலையை ஏற்றும் என்ற அச்சம் பரவலானது. 2014-ல் தாமஸ் விஸ்ஸெர்ஸ் குழுவினர் 25 விமான நிறுவனங்களின் தளங்களை மூன்று வாரம் தானியங்கி முறையில் கண்காணித்தார்கள். விலைகள் ஏறி இறங்கின. ஆனால் தேடுபவர் யார் என்பதைப் பொறுத்து முறையாக மாறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அது 2014-ன் நிலைமை.

இந்தியத் தடங்களில்

மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் தரவில் எழுந்தவை. அங்கே அரசு விற்பனையான டிக்கெட்டுகளில் பத்தில் ஒன்றை மாதிரியாகத் திரட்டிப் பொதுவில் வைக்கிறது. எந்தத் தடத்தில், எந்த நிறுவனத்தில், என்ன கட்டணம் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ மாதந்தோறும் பயணிகள் எண்ணிக்கை, நேரந்தவறாமை, ரத்துகள், புகார்கள் ஆகியவற்றை வெளியிடுகிறது. கட்டணங்களைக் கவனிக்க அதற்குள் ஒரு கண்காணிப்புப் பிரிவும் 2010 முதல் இருக்கிறது. ஆனால் பயணிகள் உண்மையில் கொடுத்த விலையின் மாதிரி பொதுவில் கிடைப்பதில்லை. எனவே ‘இந்தியாவில் இத்தனை நாள் முன்னதாக’ என்று உறுதியாகச் சொல்லும் எந்த எண்ணையும் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை.

நம் தடங்களின் இயல்பைப் பற்றிச் சில விஷயங்களைத் தைரியமாகச் சொல்லலாம். இங்கே தேவை பண்டிகையைச் சுற்றிக் குவிகிறது. பொங்கல், தீபாவளி, மே மாதப் பள்ளி விடுமுறை, வளைகுடாவில் ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறை. இந்த நாட்களில் மலிவு வகுப்புகள் மிகக் குறைவாகவே திறக்கப்படுகின்றன. காத்திருப்பதால் விலை இறங்கும் வாய்ப்பு சொற்பம். ரயிலோடும் இது பிணைந்திருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பண்டிகை ரயில் டிக்கெட் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். ரயிலில் இடம் கிடைக்காதவர் ஆம்னி பேருந்துக்கும் விமானத்துக்கும் திரும்புவார். ஆகவே பண்டிகைக்கு விமானத்தில் போவது முடிவாகிவிட்டால், ரயில் முன்பதிவு திறக்கும் நாளுக்கு முன்பே டிக்கெட்டை எடுத்துவிடுவது நியாயமான யோசனை. இது ஒரு ஊகமே. ஆனால் மேலே கண்ட தட்டுப்பாட்டு விளக்கத்தோடு ஒத்துப்போகும் ஊகம்.

சாதாரண வாரநாள் பயணத்தில் கதை வேறு. சென்னை–தில்லி, சென்னை–மும்பை போன்ற தடங்களில் நாளெல்லாம் விமானங்கள் உண்டு. மூன்று, நான்கு மாதம் முன்னதாக எடுப்பதால் பெரிய மிச்சம் இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை. ஓரிரு மாதம் முன்பு பார்க்கத் தொடங்கி, அந்தத் தடத்தின் வழக்கமான விலை பிடிபட்டதும், அதற்குக் கீழே வரும்போது வாங்கிவிடலாம். இங்கே முக்கியமானது வழக்கமான விலையைத் தெரிந்துவைத்திருப்பது. நாள் எண்ணிக்கை இரண்டாம்பட்சம்.

இன்னொரு இந்திய உண்மை, சந்தை சுருங்கியது. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில். மதுரை, கோவை மக்களுக்குப் பழக்கமாயிருந்த சென்னையின் பாரமவுண்ட் 2010-லேயே போய்விட்டது. விஸ்தாரா 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்தது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் 60 சதவீதத்துக்கு மேல் இண்டிகோவில் போகிறார்கள். டாடா குழுமத்தின் ஏர் இந்தியா நிறுவனங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர். சிறிய ஊர்த் தடங்கள் பலவற்றில் ‘எந்த நிறுவனம்’ என்ற கேள்விக்கே பொருளில்லை.

அப்படியான சந்தையில் அரசு தலையிட வேண்டுமா? விமான விதிகள் 1937-ன் 135-ஆம் விதி, செலவு, சேவைத் தன்மை, நியாயமான லாபம் ஆகியவற்றைக் கருதி நிறுவனங்களே கட்டணத்தை வைத்துக்கொள்ள விடுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 மே முதல் 2022 ஆகஸ்ட் வரை பறக்கும் நேரத்தை வைத்துக் கட்டணத்துக்குக் கீழ் வரம்பும் மேல் வரம்பும் இருந்தன. 2024-ல் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று கட்டணத்தைக் கவனிக்கத் தனி அமைப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2025 டிசம்பர் தொடக்கத்தில், விமானிகளின் பணிநேர விதிகள் அமலானதை ஒட்டி இண்டிகோவின் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி மற்றவற்றில் விலை எகிறியபோது, 500 கிலோமீட்டர்வரை 7,500 ரூபாய், 1,500-க்கு மேல் 18,000 ரூபாய் என்று தற்காலிக உச்சவரம்பு வந்தது. வரம்பு வேண்டும் என்பவர்கள் வளைகுடாத் தொழிலாளரையும் துக்கத்துக்குப் போகிறவரையும் சுட்டுகிறார்கள். வேண்டாம் என்பவர்கள், மேல் விலையை அடைத்தால் கீழ் விலையும் மறையும் என்கிறார்கள். நெருக்கடி நேர உச்சவரம்பு அவசியம் என்பதற்கு டிசம்பர் நிகழ்வு வலுவான சான்று. நிரந்தர வரம்பு பற்றி அப்படிச் சொல்லச் சான்று போதவில்லை.

எந்த நிறுவனம்?

பலரும் முதலில் கேட்பது பாதுகாப்பு. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் கனமாகியிருக்கிறது. ஒரு விபத்தை வைத்து நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்துவதைப் புள்ளியியல் ஏற்பதில்லை. எம்ஐடி பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் பல பத்தாண்டுகளாக விபத்துக் கணக்குகளை ஆராய்பவர். 2018–2022 காலத்தில் உலக அளவில் ஒருமுறை விமானம் ஏறுவதில் உயிரிழப்பு அபாயம் 1 கோடியே 37 லட்சத்தில் ஒன்று என்று அவரும் உடன் ஆய்வாளரும் கணக்கிட்டார்கள். இவ்வளவு அரிதான நிகழ்வில், ஒரே நாட்டின் இரு பெரிய நிறுவனங்களுக்கு இடையே வித்தியாசம் காண்பதற்கு விபத்து எண்ணிக்கை போதாது. பயன்படும் வடிகட்டி வேறொன்று: ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிடும் தடைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் பாதுகாப்புத் தணிக்கையில் தேறியிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு மேல் நுணுகுவதால் பயணிக்குக் கிடைப்பது குறைவு.

நேரந்தவறாமைக்கு எண்கள் உண்டு. அவற்றிலும் ஒரு பொத்தல். அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரம் என்பது பொதுவான அளவு. நிறுவனங்கள் அட்டவணையிலேயே பயண நேரத்தை நீட்டி எழுதிவிட்டால், தாமதமாகக் கிளம்பிய விமானமும் நேரத்துக்கு வந்ததாகிவிடும். நிறுவனத்தின் சராசரியைவிடப் புறப்படும் வேளை முக்கியம். ஒரே விமானம் காலை முதல் இரவுவரை ஐந்தாறு ஊர் போய்வருகிறது. காலையில் விழுந்த அரைமணித் தாமதம் இரவுக்குள் பெருகும். மறுநாள் தேர்வோ நேர்முகமோ இருப்பவர் இரவுக் கடைசி விமானத்தை நம்பக் கூடாது. முதல் விமானம் எந்த நிறுவனமானாலும் நல்லது.

விலையை ஒப்பிடும்போது முழுத் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். உள்நாட்டு மலிவு நிறுவனங்களில் வழக்கம் 15 கிலோ லக்கேஜ், 7 கிலோ கைப்பை. லக்கேஜ் இல்லாத மலிவுக் கட்டணங்களும் இப்போது உண்டு. திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிறவர்கள் கொண்டுபோகும் பெட்டிகளுக்கு லக்கேஜ், இருக்கைத் தேர்வு, சாப்பாடு என்று கூட்டினால், மலிவாகத் தெரிந்த டிக்கெட் முழுச்சேவை நிறுவனத்தின் விலையைத் தொட்டுவிடலாம்.

பயணம் நடக்காமல் போனால் என்ன கிடைக்கும் என்பதையும் விலையின் பகுதியாகவே பார்க்க வேண்டும். டிஜிசிஏ விதிப்படி ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணம் திரும்பாத சலுகை டிக்கெட்டானாலும், விமானத்துக்கே போகாவிட்டாலும், அரசு வரிகளையும் விமான நிலையப் பயனர் கட்டணத்தையும் திருப்பித் தந்தாக வேண்டும். கேட்காமல் விடுபவர்கள் ஏராளம். ஐரோப்பாவில் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு விஷயம் உண்டு. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து சென்னைக்கு எந்த நிறுவனத்தில் வந்தாலும், நிறுவனத்தின் பொறுப்பில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ இழப்பீடு கோரலாம். சென்னையிலிருந்து திரும்பும்போது அந்த உரிமை ஐரோப்பிய நிறுவனத்தில் ஏறினால் மட்டுமே. விலை சமமாக இருக்கும்போது இது தேர்வை முடிவு செய்யக்கூடிய வித்தியாசம்.

நிறுவனம் நிலைக்குமா என்பது இந்தியப் பயணி மறக்கக் கூடாத கேள்வி. ஜெட் ஏர்வேஸும் கோ ஃபர்ஸ்டும் நின்றபோது முன்னதாக டிக்கெட் எடுத்தவர்கள் திவால் நடைமுறையில் கடன்காரர்களோடு வரிசையில் நிற்க நேர்ந்தது. முன்கூட்டி வாங்குவது என்பது நிறுவனத்துக்கு வட்டியில்லாமல் கொடுக்கும் கடனும்கூட. சம்பளப் பாக்கி, விமான வாடகைத் தகராறு என்று செய்தி அடிபடும் நிறுவனத்தில் ஆறு மாதம் முன்பே எடுப்பதைத் தவிர்ப்பதே விவேகம்.

இன்னும் திறந்திருப்பவை

கையில் உள்ள சான்றுகளை வைத்துச் சொல்லக்கூடியது இவ்வளவே. பண்டிகைக்கும் விடுமுறைக்கும் முன்னதாக வாங்குவது வலுவான நிலைப்பாடு. சாதாரண நாட்களில் துல்லியமான நாள் எண்ணுக்கு ஆதாரம் இல்லை. கடைசி ஓரிரு வாரங்களைத் தவிர்ப்பது மட்டுமே பொதுவாகச் சரி. வாங்கும் கிழமை அற்பமான விஷயம். எந்த நிறுவனம் என்பதில் பாதுகாப்புத் தரவரிசையைவிட, புறப்படும் வேளை, முழு விலை, ரத்து விதி, நிறுவனத்தின் நிலைமை ஆகியவை பயணியின் கைக்குள் இருக்கும் அளவுகோல்கள்.

தீராத கேள்வி, விலை இனி ஆளுக்கு ஆள் மாறுமா என்பது. இதுவரை விலை மாறியது வேளைக்கும் வகுப்புக்கும். அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் செயற்கை நுண்ணறிவின் துணையோடு விலை வைக்கும் உள்நாட்டு இருக்கைகளை 3 சதவீதத்திலிருந்து 2025 முடிவுக்குள் 20 சதவீதமாக்குவதாக அறிவித்தபோது, செனட்டர்கள் விளக்கம் கேட்டார்கள். தனிநபர் தகவலை வைத்து விலை வைக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. அந்த மறுப்பை வெளியிலிருந்து சரிபார்க்கும் வழி குறைவு. 2014-ன் ஆய்வு முடிவை வைத்து இன்றைய அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது.

இந்தியாவில் இக்கேள்விக்கு நல்ல பதில் இல்லாததற்குக் காரணம் கேள்வி கடினம் என்பது மட்டும் அல்ல, தரவு பூட்டியிருக்கிறது. பயணிகளின் பெயரில்லாமல், தடம், நிறுவனம், வாங்கிய நாள், பறந்த நாள், கொடுத்த தொகை என்ற ஐந்து விவரங்களோடு பத்தில் ஒரு டிக்கெட்டின் மாதிரியை டிஜிசிஏ ஒவ்வொரு காலாண்டும் வெளியிட்டால், பொங்கலுக்கு எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு அனுமானம் தேவைப்படாது. உச்சவரம்பு வேண்டுமா என்ற வாதமும் எண்களின் மேல் நடக்கும். கட்டணம் அநியாயம் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் கேள்வி எழுப்பும் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் முதலில் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.